உயிர், ரூஹ், ஆள்: ஒரு சொல்லில் அடங்காத விவாதம்

கருக்கலைப்பைப் பற்றி நமது சமூகத்தில் எழுதப்படுபவற்றை வாசித்தும் பேசப்படுபவற்றைக் கேட்டும் வருகிறேன். பெரும்பாலானவை ‘உயிர்’ என்ற ஒரே சொல்லின் மீது நிற்கின்றன: கருவில் உயிர் இருக்கு, உயிரை அழிப்பது கொலை, பேச்சு முடிஞ்சுது. எதிர்ப்பக்கத்தாரோ, “120 நாளைக்குள்ள இஸ்லாம் அனுமதிக்குதுதானே” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அரைகுறையானவை என்பதுதான் எனது விமர்சனம்.

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்படாத கருச்சிதைவைக் குற்றமாக்குகிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகென்றால் 7 ஆண்டு வரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள். 1995இல் இதைத் தளர்த்த வைக்கப்பட்ட வாசகம் பாராளுமன்றத்தில் கைவிடப்பட்டது. 2017இல், பாலியல் வல்லுறவால் உண்டான கர்ப்பத்துக்கும் பிறந்தாலும் பிழைக்க முடியாத கருவுக்கும் விலக்களிக்கும் யோசனையை அமைச்சரவை ஏற்றது. கத்தோலிக்க ஆயர்கள் உட்பட மதத்தரப்பினர் எதிர்த்தார்கள். சட்டம் மாறவில்லை.

இந்த விவாதத்தில் நாம் எடுத்து வீசிய சொல் எவ்வளவு பாரம் தாங்கும்? தமிழில் ‘உயிர்’ மனிதருக்கு மட்டும் உரியதல்ல. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது புல்லும் மரமும் அதில் வருகின்றன. அவரே மகவு, குழவி என்பன மனிதரைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறார். இன்றும் “குழந்தை அழுதது” என்றுதான் சொல்லுறோம். அதனால் குழந்தை மனிதப் பிறவி இல்லையென்று யாரும் எண்ணுவதில்லை. உயிரோடு இருப்பது ஒன்று, ஓர் ஆளாக எண்ணப்படுவது இன்னொன்று.

ஃபிக்ஹ் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருக்கிறது. அல்முஃமினூன் சூராவின் 12 முதல் 14 வரையான வசனங்கள் கருவின் வளர்ச்சியைப் படிப்படியாகச் சொல்லி, இறுதியில் அது வேறொரு படைப்பாக ஆக்கப்படுவதைக் குறிப்பிடுகின்றன. ரூஹ் ஊதப்படுவதை 120 நாளோடு இணைப்பதற்கு ஆதாரம் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஒருவர் தாக்கியதால் கரு இறந்து விழுந்தால் கொடுக்க வேண்டியது ‘குர்ரா’, அதாவது முழு தியத்தில் இருபதில் ஒரு பங்கு. பிள்ளை உயிரோடு பிறந்து அந்தத் தாக்குதலால் இறந்தால் முழு தியத். வயிற்றிலுள்ள பிள்ளைக்காக வாரிசுப் பங்கு ஒதுக்கி வைக்கப்படும். உயிரோடு பிறந்தால்தான் அது சொந்தமாகும். கருவுக்கு உரிமை இல்லையென்றோ முழு ஆளின் உரிமை உண்டென்றோ இவற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது. உரிமை படியேறி வருகிறது.

அதற்காக 120 நாளைத் திறந்த கதவாக்கவும் முடியாது. இமாம் கஸ்ஸாலி ஆரம்பக் கட்டத்திலேயே அதைக் குற்றமாகக் கண்டு, கரு வளர வளரக் குற்றமும் பெருகும் என்கிறார். மாலிக்கி அறிஞர்களில் பெரும்பாலோர் 40 நாளுக்கு முன்னும் மறுக்கிறார்கள். ஹனஃபிகளில் ஒரு சாரார் 120 நாள் வரை இடமளிக்கிறார்கள். இலங்கையில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடுமையான, மருத்துவத்தால் தீர்க்க முடியாத குறைபாடு உறுதியானால் 120 நாளுக்குள் பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் கலைக்கலாம் என்று மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை 1990இல் முடிவு செய்தது. ரூஹ் ஊதப்பட்ட பிறகு தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே என்றது. இந்த முடிவு நமது துண்டுப்பிரசுரங்களில் எத்தனையில் வந்தது?

சாவகச்சேரியில் நாங்கள் சிறிய சமூகம். ஜும்ஆ பயானில் சொன்ன வசனம் அஸருக்குள்ள எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும்; அதையே மார்க்கத்தின் முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு வல்லுறவு பத்திரிகைச் செய்தி மட்டுமல்ல. அப்படியொரு பிள்ளைக்கு நடந்துவிட்டால் அவளுடைய உம்மாவுக்கு என்ன சொல்வது? பணம் உள்ள குடும்பம் இந்தியாவுக்குப் போகலாம். அங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டம் வல்லுறவுக் கர்ப்பத்துக்கு வழி வைத்திருக்கிறது. கூலிக்குப் போகிறவரின் மகளுக்கு மிஞ்சுவது கள்ள வைத்தியம், இல்லாவிட்டால் மூடிமறைத்த கல்யாணம். நமது எழுத்துகளில் கருவின் உயிர் பக்கம் பக்கமாக வருகிறது. இந்தப் பிள்ளையின் உயிருக்கு அரைப் பக்கம்கூட இல்லை.

உலமாக்கள் எல்லாவற்றையும் ஹலாலாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஷாஃபிஈ நூல்களில் உள்ள கருத்து வேறுபாட்டை, எந்தக் காரணத்துக்கு, எத்தனை நாளுக்குள், யார் கூற்றுப்படி என்று தமிழில் முழுமையாக எழுதித் தரட்டும். மகப்பேற்று மருத்துவர்களையும் சட்டத்தரணிகளையும் அதே பக்கங்களில் எழுத அழைக்கட்டும். அடுத்த முறை அமைச்சரவை இதைக் கையிலெடுக்கும்போது சமூகத்தின் சார்பில் போகும் கடிதத்தில் உயிரும் ரூஹும் ஆளும் மூன்று சொற்களாக இருக்கட்டும். வல்லுறவுக்கு ஆளான பிள்ளைக்கும் ஒரு பந்தி ஒதுக்கட்டும்.