உவமையும் உரிமையும்

ஒன்றை விளக்க மற்றொன்றைக் காட்டுவது உவமை. தொல்காப்பியர் அதனை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தினார். செயலாலும் விளைவாலும் வடிவாலும் நிறத்தாலும் இரு பொருள்கள் ஒத்திருக்கலாம். நான்காலும் ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை. முகத்தைத் திங்கள் என்று புலவன் பாடினால், முகம் தேய்ந்து வளரும் என்று எவரும் கொள்வதில்லை. பாட்டைப் படிக்கும்போது மறவாத இவ்வுண்மையைச் சமூகப் போராட்டங்களை ஒப்பிடும்போது கற்றோரும் மறந்துவிடுகின்றனர்.

நிறத்தாலும் சாதியாலும் ஒடுக்கப்பட்டோரின் போராட்டமும், திருநங்கையரும் தன்பால் ஈர்ப்பினரும் நடத்திவரும் போராட்டமும் ஒன்றே என்பர் ஒரு சாரார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முன்னதற்கு இழுக்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் எடைபோடத் தமிழிலேயே இரண்டு தன்வரலாறுகள் உள. ஒன்று, பாமாவின் ‘கருக்கு’ (1992). மற்றொன்று, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ (2007). இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஒப்புமையின் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலனாகும்.

முதலில் வினை. வித்யா மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அப்பட்டம் கையிலிருந்தும், பெண்ணாக வாழத் தொடங்கியபின் புனே நகர இரயில் வண்டிகளில் கையேந்த வேண்டியதாயிற்று. 2013ஆம் ஆண்டில் அளித்த நேர்காணல் ஒன்றில், திருநங்கையர் மீதான வெறுப்பும் பார்ப்பனியத்தின் ஒரு வகையே என்று அவர் வாதிட்டார். பிற தொழில்களின் கதவை அடைத்து, இரத்தலையும் உடல் விற்றலையும் மட்டும் விட்டுவைத்து, பின்பு அவற்றைச் செய்வதாலேயே இழிந்தவர் என்று தூற்றுவது சாதி செய்வதையே செய்வதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். மலம் அள்ளும் தொழிலை ஒரு குலத்தின்மேல் சுமத்திவிட்டு, அள்ளும் கையைத் தீண்டத்தகாதது என்ற சமூகத்துக்கு இது விளங்காததன்று. செயலளவில் இவ்வுவமை பிழையற்றது.

அடுத்தது மெய். இங்கேதான் இரு நூல்களும் பிரிகின்றன. ‘கருக்’கில் ஒரு காட்சி உண்டு. தெருப் பெரியவர் ஒருவர், நாயக்கருக்கு வாங்கிய தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாதபடி கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறார். காரணம் அறியாத சிறுமி சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் அதன் பொருளை விளக்குகிறார்; பின்னர், படிப்பால் மதிப்பைத் தேடிக்கொள்ளும் வழியையும் காட்டுகிறார். அவமானம் வெளியிலிருந்து வருகிறது. அதைத் தாங்கும் தோள் வீட்டுக்குள் இருக்கிறது. பாட்டியும் தாயும் அண்ணனும் ஊரும் ஒரே வடுவைச் சுமந்தவர்கள்.

வித்யாவின் சிறுவயதோ வேறு. வீட்டில் எவரும் இல்லாத பொழுதில், அடைத்த கதவுக்குப் பின்னால், பெண் உடை அணிந்து ஆடுவதே அவருக்குக் கிடைத்த விடுதலை. வெளியுலகைப் போலவே வீடும் அஞ்சத்தக்க இடம். சாதியால் இழிவுற்ற குழந்தைக்குத் தன் இனம் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. இக்குழந்தையோ தன் இனத்தைத் தேடி வீட்டைவிட்டே புறப்பட வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டைக் காணாது ‘இரண்டும் ஒன்றே’ என்போர், பின்னவரின் தனிமையைச் சுருக்கிவிடுகின்றனர்.

முன்னதைச் சுருக்குவதும் உண்டு. சாதியும் நிறவெறியும் மனத்தின் வெறுப்பு மட்டும் அல்ல; நிலமும் கூலியும் உழைப்பும் யாருக்கு என்பதை வகுத்த ஏற்பாடுகள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நினைவிற் கொள்க. ஆர். எச். நாதன் முதலானோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி ஒன்று. துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது மற்றொன்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைகொண்டு அடக்கப்பட்டது. கூலியையும் மானத்தையும் ஒரே பட்டியலில் எழுதிய அத்தொழிலாளர், இரண்டும் பிரியாதவை என்பதை அறிந்திருந்தனர். மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவிடும் ஒப்பீடு அரைகுறையானது.

இனிப் பயன். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று தான் கருதிய உடலுறவைக் குற்றமாக்கியது. ஆங்கிலேயர் அதனைப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். அவ்வெண்ணைத் தாங்கிய பிரிவுகள் மலேசியச் சட்டத்தில் இன்றும் உள. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை நீக்கச் சட்டம் இயற்றியது 2022இல். இந்தியாவில் 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அப்பிரிவைத் தளர்த்தியபோது, அரசமைப்பு அறம் பற்றி 1948இல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் பேசியதைத் துணைக்கொண்டது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பாதிக்கப்பட்டோர் மிகச் சிறு தொகையினர் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அடங்கிய அமர்வு அதனையும் மாற்றி, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று முடிவு கூறியது. தலையை எண்ணி உரிமை வழங்குவதன்று நீதி என்னும் கருத்து, தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தின் கொடை. அக்கொடையைப் பிறர் எடுத்தாள்வதால் அது குறைந்துவிடாது.

ஆயினும் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் இட்டபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் திருநங்கையர் முதலானோரைப் பிற்பட்ட வகுப்பினராகக் கருதி இடஒதுக்கீடு தருமாறு பணித்தது. தமிழ்நாடு 2015இல் அவர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை என்ன செய்வார்? எந்த வாயிலில் நின்றாலும் அவர்பட்ட இருவகை இழிவில் ஒன்றே கணக்கில் வரும். ஒவ்வொரு வகுப்பின் இடங்களுக்குள்ளும் தனிப் பங்கு ஒதுக்குக என்று கிரேஸ் பானு போன்றோர் கேட்பது இதனாலேயே. கருநாடகம் 2021இல் அம்முறையில் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காடு வழங்கியது. உவமை பிழைத்தால் பாட்டுக்கு மட்டும் நட்டம். சட்டத்தில் பிழைத்தால் ஒருவர் வாழ்வுக்கே நட்டம்.

உவமையில் இரு பொருள்கள் வேண்டும். போராட்டங்களிலோ அவ்விரண்டும் சிலர் உடம்பில் ஒன்றாகவே வாழ்கின்றன. அமெரிக்காவில் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் நடந்த பெரும் பேரணியைத் திட்டமிட்டு நடத்தியவர் பேயர்ட் ரஸ்டின். கறுப்பினத்தவர், தன்பால் ஈர்ப்பினர். எதிரிகள் அதனை ஆயுதமாக்கினர். தோழர்களிலும் சிலர் அவரைப் பின்வரிசையில் நிறுத்த விரும்பினர். ஒடுக்கப்பட்டோரின் அணியிலும் ஒடுக்குதல் நுழையக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. வித்யாவும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த திருநங்கை. அவர் சாதியையும் பாலையும் ஒப்பிடுவது ஏட்டறிவால் அன்று; இரண்டையும் பட்டறிந்தவர் என்பதால். அதனாலேயே அவர் சொல்லும் ஒப்புமைக்கு மற்றவர் சொல்வதினும் எடை மிகுதி.

குறை சொல்லவேண்டுமெனின், வித்யாவின் நூல் தன் துயரை விரைந்து சொல்லிச் செல்கிறது; ‘கருக்’கைப் போல் ஊரும் உழைப்பும் அதில் அகலமாக விரிவதில்லை. ஆனால் ஊரே இல்லாமற் போனவரிடம் ஊர்ச் சித்திரத்தை எதிர்பார்ப்பது முறையாகுமா என்பதையும் திறனாய்வாளர் எண்ணுதல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணையிலேயே வைத்தார். அந்நூற்பாவை வகுப்பில் நடத்திவிட்டு, நடையாலும் குரலாலும் வேறுபட்ட மாணவனைப் பிற பிள்ளைகள் பட்டப்பெயரிட்டு அழைக்கும்போது வாளாவிருத்தல் இலக்கணத்துக்கே முரண். சுங்கை செம்பிலாங் முதல் கிள்ளான் வரை, துரையின் முன் மிதிவண்டியை விட்டு இறங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று படிக்கின்றனர். யாரும் யாருக்காகவும் இறங்கவேண்டியதில்லை என்பதே அத்தலைமுறை விட்டுச்சென்ற பாடம். அதனைத் தமக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளுதல் தகாது.