பாலைவனத்தில் ஒரு மதியக் கச்சேரி

கோல்ஃபின் நுட்பம் தெரிய துபாய் டெசர்ட் கிளாசிக் ஒன்றே போதும் என்பார்கள். 1989-ல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் அங்கே நம் கண் பெரிய பெயர்களின் பின்னாலேயே போய்விடுகிறது. ஆட்டத்தை மட்டும் ரசிக்க ஏற்றவை 2011 முதல் மெனா டூர் கண்ட சீசன்கள்தான். துபாயை மையமாகக் கொண்டு அமீரகம், ஓமன், பஹ்ரைன், மொராக்கோ என்று நகர்ந்த சிறிய தொழில்முறைச் சுற்று அது. சென்னை டிசம்பர் சீசனில் மதியக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இந்த ருசி தெரியும்: பாடுபவரின் புகழ் காதை முந்திக்கொள்வதில்லை.

மணலில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்லில் இயற்கையைப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. பெர்முடா புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்வின் போக்கில் பார்த்தால் குழியைச் சுற்றியுள்ள கிரீன் பளபளக்கும், பந்து வழுக்கி ஓடும்; எதிரே நின்றால் அதே தரை கருத்துத் தெரியும், பந்து தயங்கும். ஒரே தூரத்துக்கு இரண்டு வேறு விசை. அதைக் கணித்துத் தட்டும் கைதான் தேர்ந்த கை. கடலோர மைதானங்களில் பிற்பகல் காற்று எழும்பியதும், காலையில் ஆடியவரும் அப்போது ஆடுபவரும் வேறு வேறு மைதானத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

மெனா டூர் போட்டிகள் மூன்றே நாள், 54 குழி. அதிர்ஷ்டக்காரன் ஜெயித்துவிடுவான் என்பது வலுவான ஆட்சேபம். ஒரு போட்டியை மட்டும் பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால் நாலாம் நாள் இல்லாததால் பிழையைச் சரிக்கட்ட அவகாசம் குறைவு. எங்கே துணிவது, எங்கே அடங்குவது என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும். 2016-ல் துபாய் கிரீக் ஓப்பனை வென்ற ரேஹான் தாமஸ், துபாயில் வளர்ந்த இந்தியர், அப்போது 16 வயது அமெச்சூர். 2019 அக்டோபரில் அல் அய்ன் ஓப்பனின் கடைசிச் சுற்றை 62 அடிகளில் முடித்து வென்ற ஜோஷ் ஹில்லுக்கு வயது 15. அவரும் அப்போது அமெச்சூர், பரிசுப் பணத்தைப் பெற முடியவில்லை. பிழைப்புக்காக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சூழ, கடைசி நாளில் அப்படி ஆடியதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சீசன் முழுதுக்குமான தரவரிசையில் முன்னால் வந்தவர்களுக்கோ டெசர்ட் கிளாசிக்கிலேயே ஆட அழைப்பு கிடைத்தது. அங்கே அவர்களை முதன்முறையாகப் பார்த்தவர்கள் புதுமுகங்கள் என்றார்கள்.