குரல் தரும் நற்சான்று

2023 பிப்ரவரியில் நடிகை வயோலா டேவிஸ் தம் தன்வரலாற்றைத் தாமே வாசித்ததற்காகக் கிராமி விருது பெற்றார். எம்மி, ஆஸ்கர், டோனி மூன்றும் ஏற்கெனவே கையில் இருந்ததால், நான்கையும் வென்றவர் என்ற பெருமையும் சேர்ந்தது. 2018இல், மறைந்த கேரி ஃபிஷருக்கும் இதே பிரிவில் விருது கிடைத்தது. இவற்றைக் காட்டி, நடிகரின் வாழ்க்கையை அவர் வாயால் கேட்பதே மெய்யான வாசிப்பு என்று வாதிடுவோர் பெருகிவிட்டனர்.

இன்பம் உண்டு, மறுப்பதற்கில்லை. பார்பரா ஸ்ட்ரைசாண்டின் ‘மை நேம் இஸ் பார்பரா’ ஒலிநூல் சுமார் 48 மணி நேரம் ஓடுகிறது. எழுதியதை விட்டு விலகி அவர் இடையிடையே பேசுவது அச்சில் கிடைக்காது. பார்வை மங்கியவர்களுக்கு ஒலிநூல் வரப்பிரசாதம்.

ஆனால் நடிகரின் குரல் சாட்சியம் அல்ல, தொழில்.

மனப்பாடம் செய்த வசனத்தை அந்தக் கணத்தில் தோன்றியதுபோலச் சொல்லத்தான் அவர் ஆயுள் முழுக்கப் பயின்றிருக்கிறார். எங்கே தொண்டை அடைக்க வேண்டும், எங்கே அரை நொடி நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி. கேட்பவரோ அந்த அரை நொடியை மனசாட்சி என்று நம்பிவிடுகிறார். விருதுக் குழு பாராட்டுவது வாசிப்பை. விளம்பரம் விற்பது நேர்மையை.

2024இல் வந்த அல் பசீனோவின் ‘சன்னி பாய்’, பத்திரிகையாளர் டேவ் இட்ஸ்காஃபின் துணையோடு உருவான நூல். அச்சில் படிப்பவர் ஒரு பத்தியில் நின்று, இது யார் கட்டிய வாக்கியம் என்று ஐயுறலாம். பசீனோவின் கரகரத்த குரல் காதில் விழுந்ததும் இட்ஸ்காஃப் காணாமல் போகிறார்.

இந்த மயக்கம் பழையது. நடிகர் டேவிட் நிவனின் தன்வரலாறு ‘தி மூன்ஸ் எ பலூன்’ 1971இல் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. விருந்துகளிலும் தொலைக்காட்சியிலும் சொல்லிச் சொல்லிப் பட்டை தீட்டிய கதைகள் அவை. பிறருக்கு நேர்ந்த சிலவற்றை நிவன் தமக்கு நேர்ந்ததாக்கிக்கொண்டார் என்பதை அவர் வாழ்க்கையை எழுதிய கிரஹாம் லார்ட் பின்னர் எடுத்துக்காட்டினார். நிவன் பேசக் கேட்டவருக்கு அந்தச் சந்தேகம் எழ வழியே இல்லை. ஒரு கதையைச் சோதிப்பதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். புத்தகத்திலாவது பக்கத்தைத் திருப்பி ஆண்டை ஒப்பிடலாம், பெயரடைவைப் புரட்டலாம்.

வேறொருவர் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஜூடி டென்ச்சின் ஷேக்ஸ்பியர் நினைவுகளைப் பெரும்பாலும் பார்பரா ஃப்ளின் வாசிக்கிறார். பால் நியூமன் தம் பேச்சைப் பதிவுசெய்த நாடாக்களை எரித்துவிட்டார். எழுத்துப்படிகள் மட்டும் தப்பின. அவற்றிலிருந்து 2022இல் தொகுத்த நூலில் நியூமனாகப் பேசுபவர் ஜெஃப் டேனியல்ஸ். ரசிகர்களுக்கு இது குறையாகப் படலாம். ஆனால், மதுவும் மருந்தும் அளவு மீறி 1978இல் இறந்த மகன் ஸ்காட்டைப் பற்றி நியூமன் தம்மையே நொந்துகொள்ளும் இடங்களில், நட்சத்திரக் கவர்ச்சி குறுக்கே வருவதில்லை. சொன்னது போதுமா, எதையாவது ஒளித்தாரா என்று கேட்பவர் எடைபோட முடிகிறது. ஸ்ட்ரைசாண்டின் 48 மணி நேரத்தில் அப்படி ஒரு நிமிடம்கூட வாய்க்காது.