பனை கேட்டால் தென்னை தரும் செயலிகள்: படப் புரொம்ட் எழுதும் முறை, ஒரு சோதனை

சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, முன்பள்ளிப் பிள்ளைகளின் கதைப்புத்தகம் என யாழ்ப்பாணத்தில் அச்சேறும் பலவற்றில் இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களைக் காண்கிறோம். பளபளப்பில் குறை சொல்ல இடமில்லை. கூர்ந்து பார்த்தால்தான் பனை நிற்க வேண்டிய இடத்தில் தென்னை நிற்பதும், நல்லூர் வீதியில் மதுரைக் கோபுரம் எழுந்திருப்பதும் தெரிகிறது.

சாட்ஜிபிடி, ஜெமினி, சொந்தக் கணினியில் இயங்கும் ஸ்டேபிள் டிஃபியூஷன் ஆகிய மூன்றிடமும் எங்கள் ஊர்க் காட்சிகளைக் கேட்டுப் பார்த்தேன். இவை அடிக்கடி மாறுவதால், எது முதலிடம் என்ற பட்டியல் நெடுநாள் நிலைக்காது. புரொம்ட்டை, அதாவது செயலிக்குக் கொடுக்கும் எழுத்துக் குறிப்பை, எப்படி எழுதினால் சரியான படம் வரும் என்பதே நிலைக்கும். அதைத்தான் இங்கே தருகிறேன்.

ஏன் பிழை வருகிறது?

2022 ஓகஸ்ட்டில் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன், இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடிருந்த குறிப்புகளையும் கொண்டு கற்றது. அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலம். வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, அதைப் படிப்படியாக நீக்கி அது படத்தை உருவாக்குகிறது. ஒவ்வொரு படியிலும் வழிகாட்டுபவை நாங்கள் எழுதும் சொற்கள். எந்தச் சொல்லோடு எந்த உருவத்தை அதிகம் கண்டதோ, அதை நோக்கியே அது சாயும். ‘பாம் ட்ரீ’ என்றால் கடற்கரைத் தென்னை. ‘இந்துக் கோயில்’ என்றால் தமிழ்நாட்டின் பலவண்ணக் கோபுரம். யாழ்ப்பாணம் அதன் கண்ணில் பட்டது குறைவு.

ஆகவே, எங்கள் ஊரை ஒருநாளும் கண்டிராத ஓவியருக்குத் தொலைபேசியில் சொல்வதுபோல எழுத வேண்டும். பெயர் போதாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும்.

பனங்கூடல்

‘யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்’ என்று மட்டும் எழுதியபோது ஒரு செயலி நீலக் கடலையும் வளைந்த தென்னைகளையும் தந்தது. பிறகு இப்படி எழுதினேன்: “கறுத்த, நேரான, உயர்ந்த அடிமரங்கள். உச்சியில் விசிறி வடிவில் விறைத்த ஓலைகள், உருண்டையாகத் திரண்ட முடி. அதன் கீழே தொங்கும் காய்ந்த ஓலைகள். சமதரை, செம்மண், பனையோலை வேலி. இடப்பக்கமிருந்து காலை வெயில். கண்மட்டத்தில் எடுத்த அகலமான புகைப்படம்.” பனை வந்தது. பொராசஸ் பிளபெல்லிஃபர் என்ற தாவரவியல் பெயரை ஆங்கிலத்தில் சேர்த்தபோது இன்னும் நெருங்கியது.

நல்லூர்

கோயிலின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. கோபுரம் முழுவதும் ஒரே பொன்னிறம், வெளிமதிலில் சிவப்பும் வெள்ளையுமாக நெடுங்கோடுகள், முன்னே மணல் வீதி, வேட்டி கட்டி மேலாடையின்றி நிற்கும் ஆண்கள் என்று அடுக்க வேண்டும். கோபுரச் சிற்பங்களின் நுணுக்கத்தில் செயலிகள் இன்னும் சறுக்குகின்றன. உண்மையான கோயிலுக்கு உண்மையான புகைப்படமே பொருத்தம் என்பது என் முடிவு.

தட்டி வான்

கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கத்தில் சந்தைச் சாமான்களையும் ஆட்களையும் ஏற்றி ஓடிய தட்டி வானை வெறும் பெயரால் கேட்டபோது நவீன வான் ஒன்றே வந்தது. “நீண்ட மூக்குள்ள பழைய லொறியின் முன்பகுதி, பலகையால் அடித்த உடல், திறந்த பக்கங்கள், பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி, அதன்மேல் வாழைக்குலைகள்” என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னதும் பெரியவர்கள் அடையாளம் காணக்கூடிய வண்டி கிடைத்தது. கதைப்புத்தகத்துக்கு அது தாராளமாகப் போதும்.

கைக்கொள்ள வேண்டியவை

முக்கியமானதை முதலில் எழுதுங்கள். ஸ்டேபிள் டிஃபியூஷனின் முதற்பதிப்புகள் ஒரு தடவையில் 77 சொற்துண்டுகளுக்கு மேல் வாங்குவதில்லை.

‘தென்னை வேண்டாம்’ என்று எழுதாதீர்கள். சொல் உள்ளே போனாலே மரமும் வந்துவிடக்கூடும். வேண்டாதவற்றைக் குறிக்க ஸ்டேபிள் டிஃபியூஷனில் தனிப்பெட்டி உண்டு. மற்றவற்றில் வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்.

‘அழகான’, ‘அற்புதமான’ போன்ற சொற்கள் படத்தைச் சுற்றுலா விளம்பரம் ஆக்கிவிடுகின்றன. ஒளி எங்கிருந்து வருகிறது, எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம், நீர்வண்ணமா புகைப்படமா என்பவையே வேலை செய்யும் சொற்கள்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எந்தச் சொல் எதைச் செய்தது என்று பிடிபடும்.

சாட்ஜிபிடிக்கும் ஜெமினிக்கும் தமிழிலேயே எழுதலாம். ஸ்டேபிள் டிஃபியூஷனுக்கு ஆங்கிலமே கைகொடுக்கும். படத்துக்குள் வரும் தமிழ் எழுத்தை நம்ப வேண்டாம். கொம்பும் புள்ளியும் இடம்மாறிவிடக்கூடும். மேலே வெற்றிடம் விடச் சொல்லி, எழுத்தைக் கன்வா போன்ற வடிவமைப்புச் செயலியில் பிறகு பதியுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இரவை ‘புகைப்படம் போல’ வரையச் சொல்வது இன்று எவருக்கும் இயலும். செய்யக் கூடாது. ஆவணங்களை இழந்த சமூகத்தில் போலி ஆவணம் ஒன்று புகுந்தால், மிஞ்சியிருக்கும் உண்மைச் சான்றின் மீதும் ஐயம் விழும். போர்க்காலக் காட்சிகளுக்கும் இதுவே பொருந்தும்.

தீர்ப்பு

கதைப்படம், அழைப்பிதழ்ப் பின்னணி, வகுப்பறை விளக்கப்படம் ஆகியவற்றுக்கு இந்தச் செயலிகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கோயில், நினைவிடம், வரலாறு ஆகியவற்றுக்கு வேண்டாம். பயன்படுத்தும் இடத்தில் ‘செயற்கை நுண்ணறிவுப் படம்’ என்று ஓரத்தில் அச்சிடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கிணற்றுத் துலா, கிடுகு வேலி, பனையோலைப் பிளா போன்றவற்றைப் படமெடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவான குறிப்பெழுதி, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். இணையத்தில் நல்ல படமும் சரியான குறிப்பும் பெருகினால்தான் அடுத்த தலைமுறைச் செயலிகள் பனையைப் பனையாகக் கற்றுக்கொள்ள வழி பிறக்கும்.