அல்லைப்பிட்டியிலிருந்து கான் வரைக்கும்

எனக்கு ஷோபாசக்தி விசர். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் அல்லைப்பிட்டியைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். மணலும் பனையுமாகக் கிடக்கிற ஊர். அங்கே 1967இல் அந்தோனிதாசன் யேசுதாசனாகப் பிறந்த இந்த ஷோபாசக்திதான் 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய பிரெஞ்சுப் படத்தின் கதாநாயகன். தீவான் ஒருத்தன், பிரெஞ்சுப் படத்தில், எங்கட தமிழ் பேசி! எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

படம் ‘தீபன்’. இயக்கியவர் ஜாக் ஓடியார். செத்துப்போன ஒருவனின் பாஸ்போட்டில், முன்பின் அறியாத பெண்ணையும் பிள்ளையையும் தன் குடும்பமென்று காட்டிப் பாரிஸ் போய்ச்சேருகிற முன்னாள் போராளியின் கதை. ஷோபாசக்தியும் பதின்ம வயதில் இயக்கத்துக்குப் போய் விலகியவர், தாய்லாந்தில் அலைந்து 1993இல் பிரான்சுக்குப் போனவர், கோப்பை கழுவியவர். அதனால் “தன்னையே நடித்துவிட்டுப் போய்விட்டார்” என்று சிலர் சொல்லும்போது எனக்குப் பத்திக்கொண்டு வரும். தன்னைத்தானே நடிப்பது லேசுப்பட்ட காரியமா? எங்கட சனம் கலியாண வீட்டு வீடியோக் கமராவுக்கு முன்னால் எப்படி விறைத்துப்போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய தளபதியிடம் அடிவாங்கிய பிறகு தீபன் தனியே குடித்துவிட்டுப் பாடுகிற காட்சி இருக்கிறதே, ஐயோ! பாட்டு மெல்ல மெல்லக் கத்தலாகிறது, ஆனால் முகத்தில் அழுகை வராது. வேறு நடிகரென்றால் அந்த இடத்தில் ஒரு குடம் கண்ணீர் விட்டிருப்பார். இவர் விடவில்லை. நான்தான் விட்டேன்.

இன்னொரு இடம். பிரெஞ்சுக்காரரின் பகிடிகள் விளங்கினாலும் சிரிப்பு வருகுதில்லை என்று தீபன் குறைப்பட, உனக்குத் தமிழிலும் பகிடி வராது என்று அவன் மனைவியாக நடிக்கிற யாழினி அடிக்கிறாள். அப்போது அவர் பார்க்கிற பார்வைக்காகவே படத்தைத் திரும்பப் போடலாம்.

யாழினியாக வருகிற காளீஸ்வரி சீனிவாசனை விட்டுவிட்டால் பாவம் பிடிக்கும். சென்னை நாடகக்காரி, இதுதான் முதல் படம். யாழ்ப்பாணத் தமிழ் அங்கங்கே வழுக்குகிறது, சரி. ஆனால் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளை மற்ற அம்மாமாரைப்போலத் தன்னையும் கொஞ்சச் சொல்லிக் கேட்கும்போது அவர் படுகிற சங்கடத்தைப் பாருங்கள். தாயாக நடிக்கிற ஒருத்தியை நடிப்பது இரட்டை வேலை.

கடைசிச் சண்டை எனக்கு ஒட்டவில்லை. ஒற்றை ஆளாய்க் கட்டடத்துக்குள் புகுந்து அடிக்கிறதெல்லாம் எங்கட படங்களில் போதுமளவு கண்டாச்சு. அது நடிப்பின் குறையில்லை; 2016இல் பிரான்சின் சேசார் விருதுக்குச் சிறந்த நடிகராக ஷோபாசக்தியையும் பரிந்துரைத்தார்கள். கானிலும் சேசாரிலும் அந்த விருது வின்சென்ட் லிந்தோனுக்குத்தான் போனது. நல்ல நடிகர்தான், எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

‘தீபன்’ பார்த்து முடித்தவர்கள் கனடாவில் லெனின் எம். சிவம் இயக்கிய ‘ரூபா’வையும் (2017) தேடிப் பாருங்கள். அதில் ஷோபாசக்திக்குத் திருநங்கை ஒருத்தியில் காதல்வசப்படுகிற நடுத்தர வயதுக் குடும்பஸ்தன் வேடம். தீபனின் இறுக்கமெல்லாம் கழன்று, மனுசன் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்!