செய்கிலோசு தூணும் யாழ் மீட்டுருவாக்கமும்

கி.பி. 1–2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செய்கிலோசு கல்லறைத் தூண், டென்மார்க்கின் கோபன்கேகன் தேசிய அருங்காட்சியகத்தில் 1966 முதல் உள்ளது. 1883இல் இன்றைய துருக்கியின் அய்தின் நகரையொட்டி அறியப்பட்ட இத்தூணில், சிறியதொரு கிரேக்கப் பாடல் சொற்களின்மேல் சுரக்குறியும் தாளக்குறியும் பெற்று முழுமையாக எஞ்சியுள்ளது.

இன்றைய இசைஞர் பலர் இப்பாடலை லயர் என்னும் நரம்புக் கருவியில் மீட்டி, ஆர்பியசு, அப்பல்லோ முதலிய தொன்மங்களோடு இயைத்து வழங்குகின்றனர். செவிக்கு இனிதாயினும் ஆய்வுக்கு இது தடையாகும். பாடல் எக்கருவியையும் சுட்டவில்லை, எத்தெய்வத்தையும் போற்றவில்லை. வாழ்நாள் சிறிது, உள்ளவரை வருந்தாது ஒளிர்க என்பதே அதன் கருத்து. ஆகவே அது தொன்மக் கதையினும் நம் காஞ்சித்திணையின் நிலையாமை உணர்வுக்கே அணுக்கமானது.

யாழாய்வின் நிலை இதற்கு மறுதலையானது. பெரும்பாணாற்றுப்படை யாழின் உறுப்புகளை விரித்துரைக்கிறது. விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' (1947) இத்தகைய இலக்கியச் சான்றுகளைக் கணித நெறியில் ஆராய்கிறது. எனினும் சங்ககால யாழ்ப்பாடல் எதுவும் இசைக்குறியோடு நமக்குக் கிட்டவில்லை. அங்கே இசை உண்டு, கருவி ஐயம். இங்கே கருவியின் வருணனை உண்டு, இசை ஐயம்.

எனவே யாழை மீட்டுருவாக்கி இசைப்போர், சான்று எது, தம் புனைவு எது என்பதை அவையோர்க்கு முன்னரே பிரித்துரைத்தல் கடனாகும். அவ்வாறு உரைப்பதால் இசையின் இனிமை குறையாது. புனைவு வரலாறாக நிலைபெறுவதும் தவிர்க்கப்படும்.