கதைமாந்தரும் காணியுறுதியும்

இலக்கியத்திற் படைக்கப்பட்ட தலைவன் ஒருவன் யாருக்கு உரியவன் என்னும் வினா பழந்தமிழ்ப் புலவரிடத்து எழுந்ததாகத் தெரியவில்லை. அவர் வழங்கிய 'பாட்டுடைத் தலைவன்' என்னும் தொடரே அதற்குக் காரணம் காட்டும். பாட்டினை உடையவன் தலைவன் என்பதே அத்தொடரின் பொருள். பாடிய புலவனுக்குப் பரிசில் உண்டு, புகழும் உண்டு. தலைவன்மேல் உடைமை இல்லை. இக்காலத்து அமெரிக்கப் படக்கதை உலகில் இம்முறை தலைகீழாக மாறிவிட்டது. அங்கே தலைவன் பாட்டை உடையவன் அல்லன். நிறுவனம் ஒன்றினால் உடைக்கப்பட்டவன். உடைக்கப்பட்டவன் என்னுஞ் சொல் ஈண்டு இருபொருளும் தந்து நிற்பது தற்செயலே எனினும், பொருத்தமற்றதன்று.

மார்வெல் என்னும் படக்கதை நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சிலந்தி மனிதன், இரும்பு மனிதன், எக்ஸ்-மென் முதலிய அதிவல்லமை வீரர்கள் அந்நிறுவனத்தின் ஏடுகளிற் பிறந்தவர்கள். தொண்ணூறுகளில் நிறுவனம் பெரும் பணமுடைக்கு ஆளாகி, 1996 டிசம்பரில் முறிவுநிலைப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அக்காலத்தை ஒட்டி வீரர்களின் திரைப்பட உரிமை துண்டு துண்டாகக் கைமாறியது. எக்ஸ்-மென் குழுவினர் ஃபொக்ஸ் நிறுவனத்திடமும், சிலந்தி மனிதன் சோனி நிறுவனத்திடமும் சென்றனர். வறுமையுற்ற குடும்பம் வயலைத் துண்டாடி விற்பதுபோன்ற செயல் இது. ஆனால் வயலைத் துண்டாடினால் ஒவ்வொரு துண்டும் வயலாகவே இருக்கும். கதையைத் துண்டாடினால் அவ்வாறு இருக்குமா என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி.

குவிக்சில்வர் என்பான் ஒரு வீரன். ஸ்கார்லெட் விட்ச் அவனுடன் இரட்டையாய்ப் பிறந்தவள். ஏட்டுக்கதையில் இருவரும் பிறவியிலேயே பிறழ்வாற்றல் பெற்ற இனத்தவர். மக்னீட்டோ என்பானின் மக்கள் என நெடுங்காலம் சொல்லப்பட்டவர்கள். இவ்விருவரையும் பயன்படுத்தும் உரிமை இரு நிறுவனங்களுக்கும் இருந்தது. பிறழ்வினத்தவர் என்னும் பெயரும் மக்னீட்டோ என்னும் தந்தையும் அன்று ஃபொக்ஸுக்கே உரியனவாக இருந்தன. ஆகவே 2014இல் ஃபொக்ஸ் வெளியிட்ட படத்தில் ஒரு குவிக்சில்வர் தோன்றினான். 2015இல் மார்வெலின் படத்தில் வேறொரு நடிகர் வடிவில் இன்னொரு குவிக்சில்வர் தோன்றினான். பின்னவனுக்குத் தந்தை வேறு, இனப்பெயர் இல்லை, பிறவியாற்றல் ஆய்வுகூடச் சோதனையால் வந்த ஆற்றலாக மாற்றப்பட்டது. அவன் அப்படத்திலேயே மாண்டும் போனான். முன்னவனோ 2016இல் வந்த அடுத்த படத்திலும் ஓடித்திரிந்தான். பெற்றோர் யார் என்பதைப் புலவன் தீர்மானிக்கவில்லை, ஒப்பந்தம் தீர்மானித்தது. கதைக்குள்ளே நிகழும் மாற்றத்துக்குக் கதைக்குள்ளே காரணம் இல்லாதபோது, அதனைக் கலையின் குறை என்பதா, சட்டத்தின் குறை என்பதா?

திரைப்படத்தின் நிலை இதுவாயின், பொழுதுபோக்குப் பூங்காவின் நிலை இன்னும் வியப்பானது. 1994ஆம் ஆண்டில் மார்வெலுக்கும், யூனிவர்சல் பூங்காக்களை அன்று தன்வசம் வைத்திருந்த நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் பயனாகப் புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில் 1999 மே மாதம் திறக்கப்பட்ட பூங்காவில் மார்வெல் வீரர்களுக்கென ஒரு தனி நிலப்பகுதி அமைந்தது. இத்தகைய பகுதியை ஆங்கிலத்தில் 'லாண்ட்' என்றே வழங்குவர். காணி எனத் தமிழில் வழங்கினும் தவறாகாது. ஒப்பந்தத்தின் எல்லை மிசிசிப்பி ஆறு. அவ்வாற்றுக்குக் கிழக்கே, யூனிவர்சல் பயன்படுத்தும் வீரர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் பிறிதொரு பூங்கா பயன்படுத்தலாகாது. ஆற்றுக்கு மேற்கே பயன்படுத்தலாம். ஆயினும் மார்வெல் என்னும் பெயரைக் காட்சிக்குச் சூட்டலாகாது.

2009இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெலையே விலைக்கு வாங்கியது. வாங்கிய பின்னும் அந்தப் பழைய உறுதி செல்லுபடியாயிற்று. டிஸ்னியின் மிகப் பெரிய பூங்காத் தொகுதி அதே ஓர்லாண்டோவில் உள்ளது. ஆயினும் தனக்கே உரிய சிலந்தி மனிதனை அது அங்கே நிறுத்த இயலாது. அவன் சில கல் தொலைவில், போட்டி நிறுவனத்தின் காணியில் நிற்கின்றான். மேற்கே கலிபோர்னியாவில் 2021 ஜூன் மாதம் டிஸ்னி திறந்த வீரர் பகுதிக்கு 'அவெஞ்சர்ஸ் வளாகம்' என்று பெயர். மார்வெல் என்னும் சொல் அப்பெயரில் இல்லை. ஒருவர் பழைய உறுதியின் ஓட்டையைத் தேடிப் படித்ததுபோல, யூனிவர்சல் பயன்படுத்தாத ஒரு வீரர்குழுவைத் தெரிந்து, 2022இல் ஓர்லாண்டோவிலும் ஒரு சவாரியை டிஸ்னி அமைத்தது. வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒழுங்கை என எல்லை குறிக்கும் காணியுறுதிகளைப் பார்த்துப் பழகிய வன்னி வாசகருக்கு இது புதிதன்று. வானில் பறப்பவனுக்கு ஆறு எல்லையாவதுதான் புதிது.

இவற்றையெல்லாம் நகைப்புக்குரியனவாக மட்டும் கொள்வது நேர்மையாகாது. எழுத்தாளனின் உழைப்பைப் பிறர் கவர்ந்துகொள்ளாமற் காப்பதற்கே பதிப்புரிமை தோன்றியது. ஆனால் இவ்வுலகில் முதலில் வெளியே நிறுத்தப்பட்டவன் அவ்வெழுத்தாளனே. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் 1938இல் சூப்பர்மேன் என்னும் வீரனை 130 டொலருக்கு விற்றனர். அவ்வீரனாற் பிறர் ஈட்டிய செல்வம் கணக்கிலடங்காதது. நீண்ட வழக்குகளுக்கும் வறுமைக்கும் பின், 1975இலேயே ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகையும், படைத்தோர் எனத் தம் பெயரைப் பொறிக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. சட்டம் காப்பது படைத்தவனையன்று, வாங்கியவனை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. 2019 ஓகஸ்டில் சிலந்தி மனிதன் குறித்துச் சோனியும் டிஸ்னியும் முரண்பட்டுச் செப்டெம்பரில் மீண்டும் உடன்பட்டபோது, உலகெங்கும் அவ்வீரனின் அன்பர்கள் கலங்கினர். அவர்கள் அவ்வழக்கில் வாதியுமல்லர், எதிர்வாதியுமல்லர். பெற்றோர் பிரிவதை முற்றத்தில் நின்று கேட்கும் பிள்ளைகளின் நிலையே அவர்களது நிலை.

நிற்க. உடைமையற்ற கதைமாந்தரின் நிலை எத்தகையது என்பதற்கு அமெரிக்காவில் விடை தேடவேண்டியதில்லை. வற்றாப்பளைக்குச் சென்றாற் போதும். இளங்கோவடிகளின் கண்ணகி மாநாய்கனுக்கு மகளாய்ப் பிறந்தவள். ஈழத்துக் கோவலன் கதையும் கண்ணகி வழக்குரையும் அவளை மாங்கனியிற் பிறப்பிக்கின்றன. பாண்டியனின் நாட்டிற் கனியாய்த் தோன்றி, கடலில் விடப்பட்டுப் பின்னரே அவள் வணிகன் வீட்டை அடைகிறாள். அங்கேயும் பிறப்பு மாற்றப்பட்டது. குவிக்சில்வருக்கும் பிறப்பு மாற்றப்பட்டது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாண்டியனை அழிக்கப்போகிறவள் பாண்டியனின் சோலையிலேயே தோன்றினாள் என்னும்போது கதையின் ஊழ் ஆழமாகிறது. தீ எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே மீள்கிறது. நாட்டார் செய்த மாற்றத்துக்குக் கதைக்குள்ளே காரணம் உண்டு. ஒப்பந்தம் செய்த மாற்றத்துக்கு அது இல்லை. சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வம் என வழிபட்டுத் தம் கதையைத் தாம் பாடுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆற்றுக்குக் கிழக்கே ஒருவர்க்கு, மேற்கே ஒருவர்க்கு என அவள் பங்கிடப்படவில்லை.

இடத்தைப் பற்றியும் இதுவே கூறலாம். பூங்காவிற் பாத்திரத்துக்கென இடம் கட்டப்படுகிறது. வற்றாப்பளையில் இடம் பாத்திரத்தை வரவழைத்துக்கொண்டது. மதுரையை எரித்த பின் ஈழம் வந்தவள் தங்கிய பத்தாவது இடம் என்றும், பத்தாம்பளையே வற்றாப்பளை ஆயிற்று என்றும் ஐதிகம் கூறும். சொற்பிறப்பு ஆராய்ச்சியாளர் இதனை ஏற்பார்களோ இல்லையோ, நந்திக்கடலோரத்துச் சிற்றூர் ஒன்று பெருங்காப்பியத்துக்குத் தானே ஒரு காதையைச் சேர்த்துக்கொண்டது என்பது உண்மை. வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் நீரெடுத்து, அந்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்துக்கு எவரும் எவரிடமும் அனுமதி வாங்கவில்லை. போரும் இடப்பெயர்வும் 2009இல் அவ்வூரைச் சுற்றியே உச்சத்தை அடைந்தன. மக்கள் மீண்டபோது கதையும் அவர்களோடு மீண்டது. உறுதி தொலைந்த காணிகளுக்கு எல்லை தேடி அலைந்தவர்கள் பலர். கண்ணகிக்கு உறுதி இல்லாதபடியால் அது தொலையவுமில்லை.

பண்டாரவன்னியனின் வழக்கு இன்னும் சுவையானது. ஏனெனில் அவன் வரலாற்று மனிதன். 1803இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியவன். அவ்வாண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோல்வியுற்றவன். அத்தோல்வியைக் குறித்து அங்கே ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். அதில் எழுவாயாக நிற்பவன் வென்ற படைத்தலைவன் வொன் டிறிபேர்க், வன்னியன் செயப்படுபொருள். வன்னி மக்கள் செய்தது இலக்கணத் திருத்தமே, செயப்படுபொருளை எழுவாயாக்கினர். முள்ளியவளை தந்த முல்லைமணி அவனை நாடகத் தலைவனாக்கினார். கடலுக்கப்பால் மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என நாவல் எழுதினார். ஒருவர் மற்றவரைத் தடுக்க இயலாது. தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. வரலாற்றுச் செய்திக்கும் பழங்கதைக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியரின் வழக்கில் 1978இல் விளக்கியது. தம் நாடகத்தைத் தழுவித் திரைப்படம் எடுத்துவிட்டனர் என்பது அவர் முறையீடு. கருத்து ஒன்றாயினும் வெளிப்பாடு வேறு என்பது தீர்ப்பு.

இத்தீர்ப்பின் ஒளியிற் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். கோட்டையைத் தாக்கிய வன்னியன் பொதுச்சொத்து. ஆனால் மேடையில் அவன் பேசும் பேச்சு, காதற் காட்சியின் அமைப்பு என்பன எழுதியவருக்கே உரியன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிலைக்கும். காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்னும் கதையோ ஆவணங்களால் நிறுவப்படாதது. எனினும் துரோகி என்பதற்கே மறுபெயராய் அப்பெயர் மக்கள் நாவில் ஏறிவிட்டது. நாவில் ஏறியதற்கு உரிமை கோருவது எங்ஙனம்? வரலாறு, வாய்மொழி, நாடகாசிரியரின் கற்பனை ஆகிய மூன்றும் ஒரே வீரனில் இறுகிக் கிடக்கின்றன. நாளை ஒரு பட நிறுவனம் அவனை எடுத்தாளுமாயின், எதற்கு எவரிடம் கேட்கவேண்டும் என்பதைப் பிரித்தறிய அச்சட்டம் மட்டும் போதாது. நூல்களை ஒப்புநோக்கிக் கற்றவர் வேண்டும். இவ்வாராய்ச்சி வன்னியில் இன்னும் முறையாகத் தொடங்கப்படவேண்டியது.

உடைமையின்மையை அளவுக்குமீறிப் புகழ்வதும் பிழை. எவருக்கும் உரியதல்லாத கதையை எவரும் எடுத்து விற்கலாம். கோவலன் கூத்தைத் தலைமுறையாய் ஆட்டுவிக்கும் அண்ணாவியாருக்கு அதில் ஒரு சதமும் சேராது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ மரபான சூழலுக்கு வெளியிலோ பிரதி செய்தல், ஒலிபரப்பல், மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்கு அது தடை விதிக்கிறது. நல்ல ஏற்பாடே. ஆனால் அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியிடம் உள்ளது. செலுத்தப்படும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லும். கூத்தைக் காத்த ஊருக்கு அதில் இடம் சொல்லப்படவில்லை. சீகலிடமிருந்து நிறுவனத்துக்குப் போனது இங்கே அண்ணாவியாரிடமிருந்து கொழும்புக்குப் போகிறது. வேலி போடுவோர் வேறுபடினும் வேலிக்கு வெளியே நிற்பவன் ஒருவனே.

சூப்பர்மேனைப் படைத்தோர் 1975இற் பெற்றவற்றுட் பணத்தினும் பெயரையே அவர்கள் பெரிதாக மதித்திருத்தல் கூடும். கூத்தில் அப்பெயர் எழுதப்படுவதில்லை. எழுதவேண்டிய தேவையும் முன்னர் இருந்ததில்லை. விடியும்வரை களரியில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். கோவலனும் கண்ணகியும் பாண்டியனும் அவர் எடுத்துக்கொடுக்கும் அடியைத்தான் பாடுவர். பாயில் அமர்ந்த கிழவர் முதற் குழந்தை ஈறாக எல்லோரும் அவரைக் காண்பர். இப்போது கூத்துகள் ஒளிப்பதிவாகின்றன. பாண்டியனின் முகத்தை நெருங்கிக் காட்டவேண்டிக் கருவி முன்னே நகர்கிறது. மத்தள ஒலி கேட்கிறது. அண்ணாவியார் படத்தின் விளிம்புக்கு அப்பால் நிற்கிறார்.